நிறுத்தி வைத்த பழைய பைக் ஸ்லோவில் நிற்காவிட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் முறை

கொழும்பில் பனிக்காலம் கிடையாது. ஆனால் ஒரு பைக்கை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கக் காரணங்களுக்குக் குறைவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் வெளிநாடு போயிருப்பார். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பஸ்ஸே போதும் என்று படங்குத் துணியால் மூடியிருப்பார்கள். காலில் அடிபட்டு வீட்டில் இருந்திருப்பார்கள். குளிர் நாடுகளில் பனிக்காலம் முடிந்து வண்டியை வெளியே எடுக்கிறவர்களுக்கு வரும் தொல்லைதான் இங்கேயும் வருகிறது. இங்கே வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இன்னும் கெதியாக வருகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரையை அண்டி நிற்கும் வண்டி என்றால் உப்பும் தன் வேலையைக் காட்டும்.

வந்து சொல்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். "அண்ணா, கிக் அடிச்சா ஸ்டார்ட் வருது. முறுக்கிப் பிடிச்சா ஓடுது. விட்டா நிண்டுடுது. ஸ்லோவ கொஞ்சம் கூட்டி விடுங்கோ."

ஸ்லோ என்பது அக்சிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் மெதுவாக ஓடும் வேகம்; ஸ்லோவில் நிற்பது என்றால் அப்படி அணையாமல் ஓடுவது. ஸ்லோவைக் கூட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே அதுதான். நிறுத்திய நாளில் ஒழுங்காக ஓடிய வண்டியில், அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்குரூ தானாகத் திரும்பியிருக்காது. நிறுத்தி வைத்த காலத்தில் வேறு ஏதோ நடந்திருக்கிறது: பெற்றோல் காய்ந்து ஒரு துளையை அடைத்திருக்கும், தண்ணீர் சேர்ந்திருக்கும், ரப்பர் வெடித்திருக்கும், துரு பிடித்திருக்கும், பூச்சி உள்ளே குடியேறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்குரூவைத் திருகினால் பழைய பிழையும் இருக்கும், புதிதாக ஒரு பிழையும் சேரும். பிறகு எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அங்கே வண்டியை ஸ்லோவில் விட்டுத்தான் அளப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் சொல்வது காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சாமான்) உள்ள வண்டிகளுக்கு: ஹொண்டா சீடி 125, சீஎம் 125, எம்டி 90, சீஜீ 125, சுசுக்கி ஜீஎன் 125, பழைய பஜாஜ், ஹீரோ ஹொண்டா வகைகள். பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு வேறு வழி.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் பழைய பெற்றோலை வெளியே எடுங்கள்

வண்டியை வெளிக்காற்று வரும் இடத்துக்குத் தள்ளி வாருங்கள். தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், பக்கத்தில் யாரோ சிகரெட் பிடிக்கும் இடத்தில், சாமி விளக்கு எரியும் இடத்தில் இந்த வேலை கூடாது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு வடி ஸ்குரூ இருக்கும். அதன் கீழே உள்ள குழாயை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். வெளியே வருவதைப் போத்தலில் சற்று நேரம் அசையாமல் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெற்றோல் தண்ணீரை விட இலேசானது. ஆகவே தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் திரண்டு, போத்தலைச் சாய்க்கும்போது தனியாக உருளும். செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. பெற்றோல் தேநீர் நிறத்தில், பழைய பெயின்ட் போல் புளிப்பான மணத்தோடு வந்தால் அது கெட்டுப்போய்விட்டது. மூன்றில் எது வந்தாலும் டேங்கையும் முழுதாக வடித்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். பாதி டேங்கோடு நிறுத்தியிருந்தால் மீதிப் பாதியில் இருப்பது கொழும்பின் ஈரக்காற்று. இரவில் தகரம் குளிரும்போது அந்த ஈரம் உட்சுவரில் படிகிறது. டோர்ச் அடித்துப் பார்த்தால் பெற்றோல் மட்டத்துக்கு மேலே மட்டும் துரு வளையமாக நிற்பது அதனால்தான்.

வடித்த பெற்றோலை வடிகட்டி மறுபடி ஊற்ற வேண்டாம். அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போய்விட்டது. குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்வதற்குத் தேவையான பகுதியே அதுதான். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வாங்கிய காலத்துக் கான் இன்னும் சிலர் வீட்டில் இருக்கிறது. அதை எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். புதிய 92 ஒக்டேன் ஒரு லீற்றர் போட்டு, வடி ஸ்குரூவை மூடி, எஞ்சின் ஒயிலில் பெற்றோல் கலக்கவில்லை என்று உறுதிசெய்துவிட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கெட்ட பெற்றோல் மட்டும்தான் பிழை என்றால் இதோடு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் கீழே வாருங்கள்.

சோக் போட்டால் நிற்கிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது

நிறுத்தி வைத்த வண்டிகளில் மிக அதிகமாக வருவது இதுதான். சோக் என்பது கலவையில் பெற்றோலைக் கூட்டுகிற ஏற்பாடு. எஞ்சின் சூடான பிறகும் அது இல்லாமல் நிற்க முடியவில்லை என்றால் ஸ்லோவில் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்று கூடிவிட்டது. பத்தில் ஒன்பது வண்டியில் ஸ்லோ ஜெட் (ஸ்லோவுக்குப் பெற்றோலை அளந்து விடும், நுண்துளை உள்ள சிறு பித்தளைத் துண்டு) அடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

அக்சிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் முழுவதும் இந்த ஒரு ஜெட் வழியாகத்தான் போகிறது. முறுக்கினால் ஊசியும் பெரிய ஜெட்டும் வேலையை எடுத்துக்கொள்கின்றன. "ஓட்டும்போது நல்லா இருக்கு, சிக்னல்ல மட்டும் நிண்டுடுது" என்பதன் காரணம் இதுதான். இந்தச் சிறிய வண்டிகளில் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றரை விடவும் சிறியது. கிண்ணத்தில் கிடந்த பெற்றோல் காய்ந்து விடும் பிசின், பெரிய ஜெட்டில் வெறும் படிவாக இருக்கும். இந்தத் துளையிலோ முழு அடைப்பாகிவிடும்.

காபரேட்டரைக் கழற்றுவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடியில் உள்ள பெற்றோல் டெப்பை (குழாய்த் திறப்பை) மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்டார் ஸ்குரூக்களிலேயே (கூட்டல் குறி வாய் உள்ளவை) பலருடைய வேலை நின்றுவிடுகிறது. ஜப்பான் வண்டிகளில் இவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவுமுறைப்படி வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் டிரைவர் அவற்றில் முழுதாக இறங்காது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பொருத்தமான முனை வாங்குங்கள், அல்லது இருப்பதை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். இறுகியிருந்தால் டிரைவரின் பின்புறத்தில் சுத்தியலால் இலேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் தெரிவது பெரிய ஜெட். அதன் பக்கத்தில், ஒரு குழிக்குள் ஆழமாக இருப்பது ஸ்லோ ஜெட். அதன் வாய்க்கு அளவான தட்டை டிரைவரால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது. சிறிய டிரைவரை விட்டுத் திருகினால் வாய் உடைந்து உள்ளேயே இருந்துவிடும். சில மொடல்களில் ஸ்லோ ஜெட் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. அவற்றை இருந்த இடத்திலேயே கழுவ வேண்டும்.

கழற்றிய ஜெட்டை வானத்தை நோக்கிக் கண்ணருகே பிடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் அடைப்பு. வெளிச்சம் தெரிகிறது, ஆனால் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கடித்த மாதிரி இருக்கிறது என்றாலும் அடைப்புத்தான். பலர் ஏமாறுவது இந்த இரண்டாவதில். "வெளிச்சம் தெரியுது, சரிதானே" என்று திரும்பப் போட்டுவிடுவார்கள். வண்டி முன்னையதை விடச் சற்றுத் தேவலாம் என்ற நிலையில் நின்று, எல்லோரையும் வேறு பக்கம் தேட வைக்கும்.

ஜெட்டைக் காபரேட்டர் கிளீனரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு வயர் ஒன்றின் உள்ளே இருக்கும் செப்புக் கம்பிகளில் ஒரே ஒரு இழையை எடுத்து மெதுவாக விட்டு எடுங்கள். இரும்புக் கம்பி, தையல் ஊசி, ஊக்கு எதுவும் வேண்டாம். அவை துளையைப் பெரிதாக்கிவிடும். பெரிதான துளையைச் சிறிதாக்க வழியில்லை.

ஜெட்டை மட்டும் கழுவிப் போட்டால் பாதி வேலைதான். ஜெட்டிலிருந்து போகும் பாதை காபரேட்டரின் உடம்புக்குள்ளேயே ஓடி, அக்சிலேட்டர் தகட்டின் அருகே சில நுண்ணிய துளைகளாக வெளியே வருகிறது. அவையும் அடைத்திருக்கும். ஸ்லோவில் பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்குரூவைக் கழற்றி அந்த வழியாகக் கிளீனரை அடிக்க வேண்டும். கழற்றுவதற்கு முன், அதை உள்பக்கமாக மெதுவாகத் திருப்பி, எத்தனை சுற்றில் போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். அந்த எண்தான் பிறகு திரும்பி வருவதற்கான வழி. முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை வளைந்துவிடும். ஸ்குரூவின் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன வொஷர், ஒரு ரப்பர் வளையம் இருக்கக்கூடும். ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். தேடி எடுங்கள். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்பதால் ரப்பர் சாமான் எல்லாவற்றையும் முதலில் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் நீங்கள் நினைக்காத இன்னொரு துளையால் நேரே கண்ணுக்கு வரும். எல்லாத் துளையாலும் பீய்ச்சி வருகிறதா என்று பார்த்து, ரயர் கடையில் காற்று அடித்துக் காயவிட்டால் இந்த வேலை முடிந்தது.

ஸ்லோ ஏறியே நிற்கிறது, விட்டாலும் இறங்கச் சுணங்குகிறது

முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் எஞ்சின் சத்தம் மேலேயே தொங்கி நின்று, ஆறுதலாக இறங்கும். சிலநேரம் இறங்கும்போது ஒரேயடியாக அணைந்தும் விடும்.

முதலில் கேபிளைப் பாருங்கள். கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்க வேண்டும். எஞ்சின் ஸ்லோவில் நிற்கும்போது ஹேண்டிலை முழுதாக இடமும் வலமும் திருப்புங்கள். சத்தம் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. உப்புக்காற்றில் நின்ற கேபிள் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கும். அதற்கு எண்ணெய் விட்டு மல்லுக்கட்டுவதை விடப் புதியது போடுவது நல்லது.

கேபிள் சரி என்றால் காற்றுக் கசிவு. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பரை விரலால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். நேரே பார்த்தால் முழுதாகத் தெரியும். வளைத்தால்தான் உள்ளே வெடிப்பு வாய் திறக்கும். சில வண்டிகளில் அந்த இடத்தில் ரப்பருக்குப் பதில் ஒரு கெட்டித் தட்டும் அதன் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். அந்த வளையம் காலம் போகப் போகத் தட்டையாகி இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் அமுங்காத வளையத்தை எறிந்துவிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எஞ்சின் ஓடும்போது பெற்றோலோ கிளீனரோ அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சூடான சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து, அந்த ரப்பரின் ஓரங்களில் மட்டும் தெளியுங்கள். ஒரு இடத்தில் தெளித்ததும் சத்தம் தடுமாறினால் கசிவு அங்கேதான். சிலிக்கோன் பூசி மூடுவது சில வாரம் தாங்கும். பெற்றோல் அதைக் கரைத்து, துண்டு துண்டாக உள்ளே அனுப்பும்.

இரண்டும் சரியாக இருந்தும் தொங்கினால், ஸ்லோ ஜெட் பாதி அடைத்திருக்கிறது, அதை மறைக்க யாரோ ஸ்லோ ஸ்குரூவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

பெற்றோல் மணம், கறுப்புப் புகை, நனைந்த பிளக்

இது எதிர்ப்பக்கப் பிழை. எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெற்றோல் போகிறது. ஸ்லோ கனத்த சத்தத்தோடு தடுமாறும். பிளக்கைக் கழற்றினால் கரி பூசிய மாதிரி இருக்கும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எஞ்சின் ஒயிலைப் பாருங்கள். அளவுக் குச்சியில் ஒயில் மட்டம் கூடி, முகர்ந்தால் பெற்றோல் மணம் வந்தால் ஒரு கிக் கூட அடிக்க வேண்டாம். டெப்பைத் திறந்தபடி நிறுத்தியதால் பெற்றோல் காபரேட்டர் வழியாக எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஒயிலோடு ஓட்டினால் பெயரிங்கும் கேம்மும் தேயும். ஒயிலை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் மேலே வரும்போது பெற்றோலை நிறுத்தவேண்டிய ஃப்ளோட் ஊசி தன் இருக்கையில் சரியாக உட்காராததே பெரும்பாலும் காரணம். கிண்ணத்தின் பக்கத்தில் டிரைவரின் பிடியால் இலேசாகத் தட்டினால் சிலநேரம் ஊசி விடுபட்டு, வழிவது நின்றுவிடும். நிற்காவிட்டால் கழற்றி ஊசியின் கூம்பு முனையைப் பாருங்கள். அதில் மோதிரம் போல ஒரு வரி விழுந்திருந்தால் புதிய ஊசி தேவை. ஃப்ளோட் பித்தளை என்றால் காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவம் ஆடும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. அந்த ஃப்ளோட் மிதக்காது, ஊசியையும் மூடாது.

சோக் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். லீவர் திரும்பியிருக்கும், உள்ளே தகடு திரும்பியிருக்காது. அடுத்தது எயர் ஃபில்டர். பழைய ஸ்பொஞ் ஃபில்டர் நிறுத்தி வைத்த காலத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டிக் கந்தல் துணியும் கடதாசியும் நிரப்பி வைப்பது கொழும்பில் சர்வசாதாரணம். அந்தப் பெட்டியைத் திறக்காமல் காபரேட்டரைக் குறை சொல்லக் கூடாது.

கொஞ்ச நேரம் நன்றாக நின்று, பிறகு அணைகிறது

ஸ்டார்ட் ஆகி, ஐந்து பத்து நிமிடம் குறை சொல்ல முடியாமல் நின்று, பிறகு இருமி அணையும். சற்றுப் பொறுத்தால் மறுபடி ஸ்டார்ட் வரும். இதற்கு முதல் சோதனைக்குச் செலவே இல்லை: அணையத் தொடங்கும்போது டேங்க் மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு எஞ்சின் தெளிந்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அந்தத் துளையிலும், காபரேட்டரிலிருந்து கீழே தொங்கும் குழாய்களின் வாயிலும் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். குழாயை நசுக்கினால் காய்ந்த களிமண் உதிரும். உள்ளே குளவிக் குஞ்சுக்கு இரையாக வைத்த சின்னச் சிலந்திகள்கூடக் கிடக்கும். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதிப் பாருங்கள். சைலன்சர் வாயையும் மறக்க வேண்டாம்.

மூடி திறந்தும் தெளியாவிட்டால் டெப். டெப்புக்கு மேலே டேங்குக்குள் நிற்கும் வலை துருத்தூளால் மூடியிருக்கும். குழாயைக் கழற்றி டெப்பைத் திறந்தால் பெற்றோல் தாரையாக ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டெப்பைக் கழற்றிக் கழுவுங்கள். எஞ்சின் இழுப்பில் திறக்கும் வகை டெப் என்றால் பிரைம் நிலையில் (இழுப்பு இல்லாமலே பெற்றோல் ஓடும் நிலை) வைத்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பெற்றோல் தாராளமாக ஓடுகிறது, இருந்தும் சூடானதும் அணைகிறது, ஆறினால் மறுபடி வருகிறது என்றால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைச் சந்தேகிக்கலாம். அணைந்த அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் நல்ல பொறிதான் தெரியும்.

துடித்துத் துடித்து ஓடுகிறது, அல்லது ஒரு பக்கம் அடிக்கவில்லை

சீடி 125 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் கழித்து, இரண்டு சைலன்சர் குழாயின் கழுத்திலும் விரலால் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் சுர் என்று ஆவியாகும். மற்றதில் சொட்டு அப்படியே நின்றால் அந்தச் சிலிண்டர் சும்மா சுற்றுகிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரே காபரேட்டர் இரண்டுக்கும் பெற்றோல் கொடுக்கும் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால், காபரேட்டரை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துப் பொறியைத் தேடுங்கள்.

இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழையும் இடம் மாறினால் பிளக். இந்த வண்டிகளில் பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பிழை மாறாமல் அதே பக்கம் நின்றால் பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே வயரின் முனை பச்சை பூத்திருக்கும். அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுப் புதுச் செப்பு தெரிய மறுபடி திருகினால் பலமுறை அதோடு சரியாகிவிடும். பொறி பார்க்கும்போது பிளக்கை எஞ்சின் உலோகத்தோடு நன்றாக ஒட்டிப் பிடியுங்கள், பக்கத்தில் பெற்றோல் வைக்காதீர்கள். பொறி நீலமாக, சடக் என்ற சத்தத்தோடு பாய வேண்டும்.

பொயின்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) உள்ள பழைய வண்டிகளில், சும்மா நின்றாலே பொயின்ட் முகத்தில் மங்கல் படியும். மெல்லிய அரத்தாளால் ஒருமுறை தேய்த்து, சுத்தமான விசிட்டிங் கார்ட் ஒன்றை நடுவில் இழுத்துத் துடையுங்கள். ஹொண்டாக்களில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். இந்த வண்டிகளில் பல பற்றரியை நம்பி ஓடுபவை. ஸ்லோவில் நிற்கும்போது பிரேக் லைட்டோ சிக்னலோ எரிந்தவுடன் எஞ்சின் தடுமாறினால் பற்றரி பலவீனம். 12 வோல்ட் பற்றரி நிறைந்திருக்கும்போது 12.6 அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் நிற்கவில்லை

இங்கே வருகிற வண்டிகள் குறைவு. வால்வ் இடைவெளியை எஞ்சின் முழுதாக ஆறிய நிலையில் பாருங்கள். சிறிய ஹொண்டாக்களில் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றருக்குள் இருக்கும், உங்கள் மொடலுக்கான எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகிய வால்வ் ஸ்லோவில்தான் முதலில் தன்னைக் காட்டும். கிக் மிதிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் கொம்பிரெஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) குறைவு. பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி மிதியுங்கள். எதிர்ப்புக் கூடினால் பிழை பிஸ்டன் ரிங்கில், கூடாவிட்டால் வால்வில். வால்வ் திறந்த நிலையில் நின்றுபோன எஞ்சினில் அதன் இருக்கையில் துரு பூத்திருக்கும். இதற்கு மேல் கைதேர்ந்த ஒரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொடுப்பதே நியாயம்.

இப்போது ஸ்குரூ

பிழையைத் திருத்திய பிறகு, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அப்போதுதான் இதைத் தொடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் வைத்த ஸ்லோ சூடானதும் பொய்யாகிவிடும்.

கலவை ஸ்குரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். எயர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் காற்றுக் கூடும், கலவை மெலியும். இந்த வேறுபாடு தெரியாமல் திருகித்தான் பல வண்டிகள் கெட்டன. நீங்கள் எழுதிவைத்த சுற்றில் தொடங்குங்கள். எழுதாமல் விட்டிருந்தால், முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே என்பது பல வண்டிகளுக்குப் பக்கத்தில் வரும். அங்கிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்லோ ஸ்குரூவால் நிமிடத்துக்கு 1,200 முதல் 1,400 சுற்று வரையான வேகத்துக்கு இறக்குங்கள். மறுபடி ஒருமுறை இரண்டையும் செய்யுங்கள். எம்டி 90 போல எஞ்சின் சுற்றைக் காட்டும் மீற்றர் இல்லாத வண்டியில் காதுதான் மீற்றர்: ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இடையில் ஒன்றும் தவறக் கூடாது.

கலவை ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால், அந்தப் பாதை இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது. காபரேட்டரை மறுபடி கழற்றுங்கள்.

உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள். மொடல் பெயரை மட்டும் சொன்னால் பக்கத்து மொடலின் சாமான் வரும். காபரேட்டர் கிட் வாங்கினால் அதில் உள்ள கேஸ்கட், ரப்பர் வளையங்கள், ஃப்ளோட் ஊசி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். ஜெட்டை மட்டும் உடனே மாற்றாதீர்கள். வண்டியோடு வந்த ஜெட்டில் ஒரு எண் பொறித்திருக்கும். கிட்டில் உள்ளதில் வேறு எண் இருக்கலாம், அதே எண் இருந்தும் துளை வேறாக இருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளை ஓட்டியே ஆகவேண்டிய நிலை வந்தது. எல்லாத் தரத்திலும் சாமான் கடைகளில் நிறைந்தது. கழுவிய பழைய ஜெட், தரம் தெரியாத புதிய ஜெட்டை விட நம்பத்தக்கது.

அடுத்த முறை நிறுத்தும்போது

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டெப்பை மூடி, வடி ஸ்குரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலியாக்குங்கள். இந்த ஒரு வேலையைச் செய்த வண்டிக்கு மேலே சொன்ன முதல் பிழை அநேகமாக வராது. டேங்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுதாக வடித்து வையுங்கள். பாதியில் விடாதீர்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் மட்டம் பார்த்துப் பற்றரித் தண்ணீர் மட்டும் விடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பண்ணுங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, அந்தத் துணியின் வால் வெளியே நன்றாகத் தெரியும்படி விடுங்கள். படங்கை எஞ்சினோடு இறுகக் கட்டாமல் கீழே காற்றுப் போக இடம் விட்டு மூடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் அணைப்பதால் நன்மை இல்லை. சைலன்சருக்குள் தண்ணீர் சேரும், கிண்ணத்தில் மறுபடி பெற்றோல் நிரம்பி நிற்கும். ஸ்டார்ட் பண்ணினால் காலி வீதி (கோல் ரோட்) வரை போய், எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து, கிண்ணத்தை மறுபடி வடித்துவிடுங்கள்.